பழைய மாருதி 800 ஐட்லிங்கில் உதறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் 1993 மாடல் மாருதி 800 ஒன்றைப் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி, நாலு கியர். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த வண்டி சிக்னலில் நின்று உதறிய ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்து பார்த்ததில் கொஞ்சம் பழகிவிட்டது. இதே வண்டி வைத்திருக்கும் நண்பர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி) பற்றிக் கடைசிப் பக்கம் தனியாக இருக்கிறது.

மூன்று சிலிண்டர் இன்ஜின் என்றாலே கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும்?

கொஞ்சம் நடுங்கும், அதில் தப்பில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மூன்று முறை வெடிக்கும். ஐட்லிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 22, 23 வெடிப்பு. எல்லாம் சரியாக இருந்தால் காதுக்கு அது ஒரே சத்தமாகத்தான் கேட்கும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் இன்ஜினின் மூன்றில் ஒரு பங்கு போச்சு. நாலு சிலிண்டர் வண்டியில் நாலில் ஒன்றுதான் போகும். அதனால்தான் 800-இல் மிஸ்ஸிங் (வெடிப்பு தவறுவது) வந்தால் டாஷ்போர்டு, கதவு, சீட் எல்லாம் சேர்ந்து ஆடுகிறது.

இயல்பான நடுக்கமா, கோளாறா என்று பார்க்க நான் உள்ளே இருக்கும் கண்ணாடியைத்தான் பார்ப்பேன். சிக்னலில் பின்னால் நிற்கும் வண்டியின் ஹெட்லைட் அதில் லேசாக, ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் கவலை இல்லை. அந்த வெளிச்சம் அவ்வப்போது ஒரு குதி குதித்தால் எங்கேயோ வெடிப்பு தவறுகிறது.

ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் சரியாகிவிடாதா?

சரியானது மாதிரி தெரியும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். ஐட்லிங்கை 900-லிருந்து 1,200-க்கு ஏற்றிவிட்டால் உதறல் அடங்கும். கோளாறு அப்படியே இருக்கும், பெட்ரோல் கூடப் போகும், கியர் போடும்போது 'கடக்' என்று இழுக்கும். இரண்டு மாதம் கழித்து அந்தக் கோளாறு வளர்ந்து மறுபடி உதறும்போது, எதை யார் எவ்வளவு திருகினார்கள் என்றே தெரியாது.

ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. முதலில் பிளக்கும் கரண்டும், அடுத்து காற்று எங்காவது கசிகிறதா என்று, அப்புறம் கார்புரேட்டர். நம் ஊரில் வழக்கம் இதற்கு நேர் தலைகீழ். வண்டி உதறுகிறது என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிவிடுவார்கள்.

மூன்றில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஐட்லிங்கில் விடுங்கள். ரப்பர் கைப்பிடி போட்ட பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் உடனே தடுமாறும், சத்தம் தாழும். எந்த ஒயரைக் கழற்றினால் இன்ஜினுக்கு அது தெரியவே இல்லையோ, அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே தூங்குகிறது.

வெறும் கையால் ஒயரைத் தொடாதீர்கள். ஒருமுறை தொட்டேன். தோள்பட்டை வரை அடித்தது, அனிச்சையாகக் கையை இழுத்ததில் முழங்கை பானெட்டில் மோதி அதுதான் ஒரு வாரம் வலித்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால் (1995 ஏப்ரலில் இருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்றவற்றில் இருக்கும்) ஒயரைக் கழற்றிச் சில நொடிக்கு மேல் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து கெடுத்துவிடும்.

மூன்று ஒயருக்கும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறது, ஆனாலும் உதறல் இருக்கிறது என்றால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது: காற்றுக் கசிவு, கார்புரேட்டர், டைமிங் (பொறி விழும் நேரம்). இந்த ஒரு சோதனையே பாதி வழியைக் காட்டிவிடும்.

ஒயர்களைத் திருப்பி மாட்டும்போது இடம் மாற்றி மாட்டிவிடாதீர்கள். வெடிப்பு வரிசை 1-3-2. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பிளக்கைப் பார்த்து என்ன சொல்லலாம்?

நிறைய. முனை இளம் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரி மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை மறைக்கும் தகடு) முழுதாகத் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்துவிட்டது, அல்லது புளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்) ஏறிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்திருந்தால் ஆயில் ஏறுகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், அதாவது எங்கோ கசிவு.

மூன்றையும் கழற்றி வரிசையாக ஒரு பேப்பரில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே நிறம் என்றால் ஒரு கதை, ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் வேறு கதை. பாயிண்ட் (கரண்டைத் துண்டித்துத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனை) உள்ள வண்டிக்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். புது பிளக் என்று கடையில் தந்தாலும் கேஜ் வைத்துப் பார்த்தே மாட்டுங்கள்.

பிளக் புதுசு, ஆனாலும் மிஸ்ஸிங் போகவில்லை. அடுத்து எது?

எச்.டி. ஒயர் (பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் தடித்த ஒயர்), டிஸ்ட்ரிபியூட்டர் (கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) கேப், அதன் உள்ளே சுற்றும் ரோட்டர். இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத வழி இருட்டு.

எனக்கு இது ஒரு மார்கழி இரவில் வாய்த்தது. போர்ட்டிகோ விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, இன்ஜினை ஓட விட்டுச் சும்மா நின்று பார்த்தேன். ஒரு நிமிடம் எதுவும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் தெரிந்தது: டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மேல், நடு ஒயரின் அடியிலிருந்து பக்கவாட்டு கிளிப் வரை, நூல் மாதிரி ஒரு நீல வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து மறைந்தது. அது தோன்றும்போதெல்லாம் இன்ஜின் ஒரு விக்கல் விக்கியது. மறுநாள் காலையில் கேப்பைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தால், பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கரிக்கோடு. துணியால் துடைத்தால் போகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சில நாளில் அதே வழியில் கரண்ட் மறுபடி ஓடும். மாற்றத்தான் வேண்டும். கேப்பை மாற்றும்போது ரோட்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் இன்னும் பார்க்க வேண்டுமா?

உங்கள் வண்டியில் பாயிண்ட் இருந்தால் கட்டாயம். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த வண்டியில் இந்தத் தலைவலி இல்லை. பாயிண்ட் தேய்ந்து ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடும் விழுந்திருந்தால், பெரும்பாலும் கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சாமான்) சரியில்லை என்று அர்த்தம். பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அதே கதி ஆகும். பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் கூடவே நகரும், அதனால் பாயிண்ட் வைத்த பிறகு டைமிங் லைட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படி ஆடும் தண்டில் எந்த இடைவெளி வைத்தாலும் நிற்காது.

காற்றுக் கசிவு என்கிறார்களே, அது எங்கே இருக்கும்?

இன்ஜினுக்குள் போகும் காற்று எல்லாம் கார்புரேட்டர் வழியாகவே போக வேண்டும். இடையில் ஒரு ஓட்டை இருந்தால், அளக்காத காற்று அதன் வழியாக உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும். வேகமாகப் போகும்போது மொத்தக் காற்று அதிகம் என்பதால் இந்தக் கூடுதல் தெரியாது. ஐட்லிங்கில் இன்ஜின் மூக்கை மூடிக்கொண்டு உறிஞ்சுகிற மாதிரி இருக்கும் நிலையில், ஊசி ஓட்டை கூடப் பெரிது. ரேஸ் பண்ணினால் சரியாக ஓடி, காலை எடுத்தால் உதறும் வண்டிக்கு இதுவே முதல் சந்தேகம்.

இடங்கள்: கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டும் சூடு தடுக்கும் தடித்த பேக்கிங்கும், மேனிஃபோல்டு (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் வாக்யூம் குழாய், டேப்பட் கவரிலிருந்து வரும் புகைக் குழாய், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் தடித்த குழாய், கார்புரேட்டரின் திராட்டில் தண்டு தேய்ந்த இடம்.

என் வண்டிக்கு இரண்டு மாதத்தில் இரண்டு முறை கார்புரேட்டர் ஓவர்ஹால் செய்தார்கள். கிட் மாற்றினார்கள், ஜெட் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறையை விட்டுக் கிளம்பும்போது நன்றாக ஓடி, பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் உதறியது. கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். "அண்ணே, இன்னொரு வாட்டி கார்புரேட்டரை மட்டும் கழட்டிராதீங்க" என்று சொன்னதற்குச் சிரித்துவிட்டு, ஸ்பேனரையே எடுக்கவில்லை. பிளையர் வாயில் ஒரு துணியைச் சுற்றி, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு ரப்பர் குழாயாக நசுக்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது குழாயை நசுக்கியதும் உதறல் கத்தரித்தது மாதிரி நின்றது. குழாயைக் கழற்றி வளைத்துக் காட்டினார்: அடிப்பக்கத்தில் ஓர் அங்குலத்துக்குப் பிளவு. மேலிருந்து பார்த்தால் முழுசு. சூடு ஏறி ரப்பர் இளகியதும் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். அதனால்தான் பட்டறையில் நன்றாக ஓடியிருக்கிறது. குழாயின் விலை இரண்டு பேர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டதை விடக் குறைவு.

பிரேக் பூஸ்டரைச் சோதிக்க இன்னும் சுலபம். ஐட்லிங்கில் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க உதறல் கூடியோ குறைந்தோ மாறினால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கசிவு இருக்கிறது.

கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

வேலை செய்யும். கசியும் இடத்தில் பட்டால் இன்ஜின் சத்தம் மாறும். ஆனால் அது லேசில் தீப்பிடிக்கும் சரக்கு, பக்கத்திலேயே சூடான சைலன்சர் மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டரில் பொறி. எனக்குத் துணி சுற்றிய பிளையரே போதும். கேஸ்கெட் ஓரங்களுக்குச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் சத்தம் ஒரு கணம் மாறுவதைக் கேட்கலாம்.

சரி, கார்புரேட்டர்தான் என்று உறுதியான பிறகு என்ன செய்வது?

ஐட்லிங்குக்கு என்று தனியாக ஒரு சின்னப் பாதை இருக்கிறது, அதில் ஸ்லோ ஜெட். அதன் ஓட்டை ஊசி முனை அளவுதான். டேங்கின் அடியிலிருந்து வரும் ஒரு துரு மணி போதும், வண்டி ஓட்டத்தில் அற்புதமாகப் போய் சிக்னலில் அணையும். ஜெட்டைக் கழற்றிக் காற்று ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். குண்டூசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதானால் அப்புறம் புது ஜெட்தான்.

அதற்கும் முன்பாக ஒன்று: கார்புரேட்டரில் சொருகியிருக்கும் சாலினாய்டு. சாவியைப் போட்டதும் ஐட்லிங் பெட்ரோல் வழியைத் திறந்து, சாவியை எடுத்ததும் மூடுகிற வால்வு. இன்ஜினை ஓட்டாமல் சாவியை ஆன் செய்து, அதன் ஒயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் டிக் இல்லை என்றால் சாலினாய்டு போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் உயிரோடு இருக்கிறது, காலை எடுத்த உடனே ஆஃப் ஆகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் இதைத்தான் கேட்டுப் பார்ப்பேன்.

பெட்ரோல், காற்று விகிதத்தைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவை எப்படி வைப்பது?

இன்ஜின் முழுச் சூட்டில், சோக் முழுதாகத் திறந்து, ஏர் ஃபில்டர் மாட்டி, ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து. முதலில் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்கார்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். இறுக்காதீர்கள், முனை கெட்டுவிடும். அப்புறம் இரண்டு, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து இன்ஜினை ஓட்டுங்கள். கால் சுற்றுக் கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, இன்ஜின் எங்கே அதிகபட்ச வேகத்தில் சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேகம் கூடியிருந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து 900 பக்கம் கொண்டுவாருங்கள். மறுபடி மிக்சர், மறுபடி ஐட்லிங். இரண்டு மூன்று சுற்றில் அமைந்துவிடும்.

எவ்வளவு திருகினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லையா? அப்படியானால் ஸ்லோ ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு இன்னும் இருக்கிறது. திருகுவதை நிறுத்திவிட்டு மேலே சொன்ன சோதனைகளுக்கே திரும்பிப் போங்கள்.

பைக் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். இந்தக் கார்புரேட்டரில் உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். பைக் கைப்பழக்கத்தில் காரைத் தொட்டால் நேர் எதிராகப் போவீர்கள்.

காலையில் மட்டும் உதறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது.

சோக் சரியாக மூடவில்லை, அல்லது டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளி குறைந்திருக்கிறது. கோவை, ஓசூர் மாதிரி காலைக் குளிர் உள்ள ஊரில் இரண்டு நிமிட உதறலை நான் பொருட்படுத்த மாட்டேன்.

எதிர்மாறாக, சூடான பிறகு மட்டும் உதறுகிறது. சித்திரை வைகாசியில் தொல்லை தாங்கவில்லை.

கார்புரேட்டர் இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் கடையில் நின்று திரும்பினால், புளோட் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கும். ஸ்டார்ட் ஆக நேரமாகும், ஆனதும் ஒரு நிமிடம் குப்குப்பென்று உதறி, கறுப்பாகப் புகைத்துச் சரியாகும். ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்துப் பிடித்து ஸ்டார்ட் செய்தால் சீக்கிரம் தெளியும். படக் படக்கென்று மிதிக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் ஊற்றும். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடித்த பேக்கிங்கை யாராவது கழற்றிவிட்டு வெறும் கேஸ்கெட்டோடு மாட்டியிருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். ரேடியேட்டர் ஃபேன் நேரத்துக்கு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சூடான பிறகு உதறல் நிற்காமலே தொடர்ந்தால் இக்னிஷன் காயில், கண்டென்சர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். சூட்டில் கெட்டு, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் சாமான்கள் அவை.

ஏசி போட்டால் மட்டும் ஆஃப் ஆகிறது.

ஏசி கம்ப்ரஸர் சேரும்போது ஐட்லிங்கைத் தானாக ஏற்றிவிட ஒரு வாக்யூம் டயாஃப்ரம் இருக்கிறது. அது கிழிந்திருக்கும், அல்லது அதன் குழாய் கழன்றிருக்கும். ஏசியைப் போட்டுவிட்டு கார்புரேட்டர் பக்கத்தில் அந்தக் கம்பி அசைகிறதா என்று பார்த்தாலே போதும்.

மழை பெய்தால் மட்டும்?

ஒயரும் கேப்பும். ஈரம் ஏறிக் கரண்ட் வழிமாறுகிறது. கேப்பைக் கழற்றி உள்ளே துடைத்து உலர்த்துங்கள். ஒவ்வொரு மழைக்கும் இது நடந்தால் துடைப்பதை விட்டுவிட்டு மாற்றிவிடுங்கள்.

கீழே நன்றாக ஓடும் வண்டி ஊட்டியில் உதறுகிறது. வண்டி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே காற்று மெலிசு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த பெட்ரோலைக் கிட்டத்தட்ட அப்படியே கொடுக்கிறது. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து பிளக் கறுத்து, சேரிங் கிராஸ் நெரிசலில் நின்று இருமும். இரண்டு நாள் பயணத்துக்காக எதையும் திருகாதீர்கள். ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டிவிட்டு, பர்லியார் இறங்கியதும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அங்கேயே குடியிருப்பவர்கள் அந்த உயரத்துக்கு டியூனிங் செய்துதான் ஓட்ட வேண்டும்.

வாக்யூம் கேஜ் (இன்ஜின் உறிஞ்சும் பலத்தை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். சமவெளியில் நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கு) காட்டும், முள் நடுங்காது. ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஊட்டியில் 12 காட்டினால் இன்ஜினை இறக்கச் சொல்லி யாரும் பயமுறுத்த விடாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் உதறல் ஆரம்பித்தது. காரணம் அதுவா?

இருக்கலாம், ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போடவும் முடியாது. நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் வரத் தொடங்கி, 2025-இல் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகிவிட்டது. நம் வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இதில் மூன்று விஷயம் நடக்கிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குத் தேவைப்படும் காற்று குறைவு. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 20 விழுக்காடு கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். ஜெட் அளவு பழையபடியே இருப்பதால் கலவை மெலிந்துபோகிறது. எம்பிஎஃப்ஐ வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் இதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. ஐட்லிங் மிக்சரைக் கால், அரைச் சுற்று வெளியே எடுத்தால் பெரும்பாலும் ஐட்லிங் உதறல் அடங்குகிறது, ஓட்டத்தில் இருக்கும் மெலிவுக்கு அது மருந்தில்லை.

இரண்டாவது, பழைய ரப்பர். 30 வருடம் பழைய பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் ஓரிங் எல்லாம் ஊறிப் பருத்தோ வெடித்தோ போகும். குழாயில் வெளிப்பக்கம் ஈரமாக, பெட்ரோல் வாசனையாக இருந்தால் ஐட்லிங்கை மறந்துவிட்டு முதலில் குழாயை மாற்றுங்கள், அது தீ விபத்து வரை போகும் சமாச்சாரம். மூன்றாவது, டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். ஃபில்டரை ஒரு முறை மாற்றிவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பாதி டேங்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்காதீர்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஒரு சிலிண்டர் தூங்குகிறது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, கேஜ் வைத்து ஒவ்வொன்றாக. மொத்த எண்ணை விட மூன்றுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த சிலிண்டரில் கோளாறு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இடையில் கேஸ்கெட் போயிருக்கிறது.

கேஜ் இல்லாதவர்களுக்குப் பழைய ஆட்கள் செய்யும் சோதனை ஒன்று: ஓடும் வண்டியின் சைலன்சர் வாயருகே ஒரு பேப்பர் துண்டைப் பிடிப்பது. சீராகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே பேப்பரை உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டைக் கழற்றும் முடிவுக்கு முன் டேப்பட் இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி அறவே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் குறைவாகத்தான் காட்டும். அரை மணி நேர வேலையில் தீர வேண்டியதற்கு ஹெட்டைக் கழற்றி வால்வு அரைத்த கதைகள் எனக்குத் தெரியும். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், சமீபத்தில் பெல்ட் மாற்றியிருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது, வண்டி மட்டும் நடுங்குகிறது.

இன்ஜின் மவுண்டிங். ரப்பர் வெடித்து இரும்போடு இரும்பு முட்டுகிறது. பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னால், இன்ஜின் எவ்வளவு எழும்பி விழுகிறது என்று பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்.

என்னுடையது எம்பிஎஃப்ஐ. இதெல்லாம் பொருந்துமா?

பிளக், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன், மவுண்டிங் எல்லாம் அப்படியே பொருந்தும். கார்புரேட்டருக்குப் பதில் பார்க்க வேண்டியது: திராட்டில் பாடியில் படிந்த கரி, ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு, சூடு பார்க்கும் சென்சார், பெட்ரோல் ஃபில்டர், இன்ஜெக்டர். முதல் இரண்டைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலான பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகள் அடங்கிவிடும். இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்யாமல் ஒரு சென்சாரையும் மாற்றாதீர்கள்.

கேஸில் ஓட்டினால் உதறல், பெட்ரோலில் சரி.

கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரின் டயாஃப்ரம், அல்லது கேஸுக்கான ஐட்லிங் அமைப்பு. கிட் போட்டவரிடமே போங்கள். கேஸ் குழாயில் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

புகைச் சோதனைச் சீட்டில் உள்ள எண்கள் இதற்கு உதவுமா?

நன்றாக உதவும், யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) வரை அனுமதி. கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம். கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: மிஸ்ஸிங், அல்லது கலவை மெலிந்து எரியாமல் போவது. சீட்டை டேஷ்போர்டில் திணிக்காமல் பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் இந்த எண்கள் கைகொடுக்கும்.

நானே செய்வதில் என்ன ஆபத்து?

ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது, இன்ஜினை அணைத்த பிறகும் சாவி ஆனில் இருந்தால் திடீரென்று சுற்றும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் துண்டு எதுவும் வேண்டாம். ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மெக்கானிக்கிடம் போகும்போது என்ன சொல்வது?

"மிஸ்ஸிங் அடிக்குது, பார்த்துக் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். எப்போது என்று சொல்லுங்கள்: காலையிலா சூடான பிறகா, மழையிலா, ஏசி போட்டாலா, எந்த வேலை செய்த பிறகு ஆரம்பித்தது, எந்த ஒயரைக் கழற்றினால் மாற்றமில்லை. முடிந்தால் கோளாறு இருக்கும் நேரத்திலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சூடானால்தான் உதறும் வண்டியை முந்தின நாள் இரவே விட்டுவிட்டு வந்தால், காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று போன் வரும். மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கரிக்கோடு விழுந்த கேப் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. உதறல் என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.